அதிகம் பொருந்தும் எண்

"நேத்து சாயங்காலம் போன்ல அப்படிச் சிரிச்சியே! அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்றான் கணவன், காலையில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

அவள் நேற்று அவனோடு போனில் பேசவே இல்லை.

வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு "ஆமா, ஆமா" என்றாள். எவளிடமோ குழைந்துவிட்டு, ஆள் மாறி என்னிடம் உளறுகிறான், மனுஷன்! இருக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

பிடிப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை. இருவருக்கும் ஒரே அலுவலகம். அவன் முதல் மாடியில் கணக்குப் பிரிவு, அவள் மூன்றாம் மாடியில் தொலைபேசி அறை. கட்டடத்தில் யார் எந்த எண்ணை அழுத்தினாலும் அது எங்கே ஒலிக்க வேண்டும் என்று விதி எழுதுகிறவள் அவள்தான். நாலில் தொடங்கினால் உள்ளே ஒரு மேஜைக்கு. பூஜ்யத்தில் தொடங்கினால் வெளியே. ஓர் எண்ணுக்கு இரண்டு விதிகள் பொருந்தினால், எது அதிகம் பொருந்துகிறதோ அதற்குத்தான் அழைப்பு போகும். மற்றது சும்மா கிடக்கும்.

மதியமே புது விதி எழுதினாள்: கணவனின் மேஜையிலிருந்து எந்த எண்ணுக்குப் பேசினாலும் அது அவள் ஹெட்செட்டிலும் கேட்கும். தப்புதான். தெரிந்தேதான் செய்தாள்.

சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிப்போக, குளிரூட்டியின் இரைச்சலும், சூடேறிய ஒயர்களின் பிளாஸ்டிக் வாடையும், பெட்டிகளில் சிமிட்டும் பச்சை விளக்குகள் சுவரில் ஆட்டிய நிழல்களும் மட்டும் அறையில் மிஞ்சியிருந்தபோது, திரையில் கணவன் அழுத்திய எண் எழுந்தது. நான்கு. நான்கு. ஒன்று. ஏழு.

அவளுடைய எண்.

முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்த போன் ஒலிக்கவில்லை. ஆனால் ஹெட்செட்டில் யாரோ எடுத்தார்கள்.

"சொல்லுங்க..."

அவள் குரல். அவளுடைய அதே இழுப்பு, அலுப்பு மட்டும் இல்லை. கணவன் மேனேஜரின் தும்மலை நடித்துக்காட்டினான். போன வாரம் அவளிடமும் காட்டினானே! அப்போது இவள் வேலை இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் குரலோ விழுந்து விழுந்து சிரித்தது. இவளுக்கு வந்திருக்க வேண்டியது பயம். முதலில் வந்தது பொறாமைதான்.

மைக்கைத் திறந்தாள். "ஏங்க! நான்தாங்க பேசறேன். அது நான் இல்லைங்க!"

சிரிப்பு நின்றது.

"யாருங்க நீங்க?" என்றான் கணவன், மரியாதையாக.

"யாரோ குறுக்க வர்றாங்க, விடுங்க" என்றது அந்தக் குரல். "நான் கீழே இறங்கிட்டேன். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

ஜன்னலுக்கு ஓடினாள். இருட்டத் தொடங்கியிருந்தது. சற்று நேரத்தில் கீழே கணவன் பைக்கைக் கிளப்பினான். பின்னால் ஒருத்தி ஏறினாள். இவள் போட்டிருந்த அதே கடுகு நிறச் சுடிதார். அதே பை.

திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் மாட்டியிருந்த பை இல்லை.

ஹெட்செட்டிலிருந்தே கணவனின் செல்போனை அழைத்தாள். கீழே அவன் போனை எடுத்துப் பார்த்தான். தோளுக்கு மேலே பின்னால் நீட்டினான்.

பின்னால் இருந்தவள் வாங்கினாள். காதில் வைத்தாள். மூன்றாம் மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

அழைப்பைத் துண்டிக்காமலே போனைப் பைக்குள் போட்டாள்.

பைக் தெருமுனையில் திரும்பி மறைந்தது. ஹெட்செட்டில் சிரிப்பு. இருவரும். காற்று. ஹாரன். மறுபடி சிரிப்பு. பிறகு சாவி. அவள் வீட்டுக் கதவின் அதே கிறீச்.

உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.