பக்கத்து வீட்டார் மாற்றிவிட்டார்கள்

அன்று காலையும் நான்காம் தெருவில் ஒரு வீட்டுக் காற்று திருடு போயிருந்தது. அந்தக் குடும்பம் சுவாச முகமூடியை மாட்டிக்கொண்டு, உறிஞ்சுகுழலில் காப்பி குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியது. செவ்வாய்க் குடியிருப்பில் இது சகஜம். கதவுகள் மறைசொல் கேட்டுத் திறக்கும். பாதிப் பேரின் மறைசொல் "கதவு".

நிர்வாகம் பொறுமை இழந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் மறைசொல்லை மாற்றாவிட்டால் ஆளுக்கொரு குத்துச்சில்லு என்ற மின்சில்லைப் பிடரியில் பதிக்க உத்தரவு. அசட்டையாக இருந்தால் அது சுள்ளென்று குத்தும்.

நடத்தையியல் அதிகாரி குழலிக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும். மிரட்டினால் ஜனம் கேட்காது, பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் செய்யும் என்று அவள் படித்திருந்தாள். முதலில் தன் வீட்டு மறைசொல்லை மாற்றினாள். பிறகு எல்லாக் கதவுகளுக்கும் ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தாள்: "உங்கள் பக்கத்து வீட்டார் மாற்றிவிட்டார்கள். நீங்கள்?"

இரண்டே நாளில் ஒரு வீடு பாக்கியில்லை. குழலி பெருமையோடு பக்கத்து வீட்டு ரெஜினாளிடம் விசாரித்தாள்.

"எப்படிக்கா இவ்வளவு சீக்கிரம் மாத்துனீங்க?"

"கதவோட நச்சரிப்பு தாங்கலடி. என்ன வைக்கிறதுன்னும் தெரியல. உங்க வீட்ல என்ன வெச்சிருக்கீங்கன்னு உன் வீட்டுக்காரரைக் கேட்டேன், 'முருங்கைக்காய் ஒண்ணு'ன்னார். நல்லாருக்கேன்னு அதையே வெச்சுட்டேன். அப்புறம் அடுத்த வீட்டுக்காரி வந்து என்னைக் கேட்டா..."

"சொல்லிட்டீங்களா?"

"பின்ன? நாளைக்கு அவ மூஞ்சில முழிக்க வேணாமா?"

குழலி அடுத்த வீட்டு வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னாள். கதவு திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. ஐந்தாம் தெருக் கோடி வீடும் திறந்தது. உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர் அலறினார்.

அவள் நிர்வாகி பாக்கியநாதனிடம் ஓடினாள்.

"சார், ஊர் முழுக்க ஒரே மறைசொல். முருங்கைக்காய் ஒண்ணு!"

"ஐயையோ, எங்க வீட்லயும் அதாம்மா! இனிமே குத்துச்சில்லுதான் வழி."

"வேணாம் சார்! இன்னொரு தடவை மாத்த வெச்சுடலாம். என் வீட்டு மறைசொல்லை வர்ற வழியிலேயே மாத்திட்டேன்."

"கெட்டிக்காரி. என்னன்னு வெச்ச?"

மேலதிகாரி கேட்கிறார். குழலி தயங்கவில்லை.

"முருங்கைக்காய் ரெண்டு, சார்."

பாக்கியநாதன் நிம்மதியாகத் தன் வீட்டுக் கதவைப் போனில் அழைத்து அதையே வைத்தார். மாலைக்குள் ஒரு வீடு விடாமல் மறைசொல் மாறியிருந்தது. குத்துச்சில்லு உத்தரவு ரத்தானது.