எந்தக் கண்ணால் படித்தார்?

காலை மணி 11.20.

இருட்டறையின் கறுப்புத் திரையை விலக்கிய ரோசம்மாள், "வீரமலை அண்ணே, வாங்க, டாக்டர் கூப்பிடறார்" என்றாள். பதில் இல்லை. சொட்டு மருந்து விட்ட பிறகு வெளிச்சம் ரொம்பக் கூசுகிறவர்களை அந்த அறையில்தான் உட்கார வைப்பது வழக்கம். சிலர் அப்படியே தூங்கிப் போவார்கள். ஆனால் தூங்குகிற மனிதர் இப்படிக் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு தூங்க மாட்டார்.

டார்ச்சை அடித்தாள். வீரமலையின் முகம் சிவந்து கன்றியிருந்தது. உதடு வெடித்து, நாக்கு காய்ந்து கிடந்தது. இரண்டு கண்பாவைகளும் விளிம்பு வரை விரிந்திருந்தன. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை. வேட்டியின் ஓரத்தை நூல் நூலாகப் பிய்த்து மடியில் குவித்து வைத்திருந்தார்.

அரை மணிக்கு முன் உள்ளேயிருந்து முணுமுணுப்புக் கேட்டது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அங்கே முணுமுணுக்காத ஆள் யார்? பர்மா போர்முனையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே எப்போதோ செத்தவர்களோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால் அவள் எட்டிப் பார்க்கவில்லை.

1954ஆம் வருஷம், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. திருச்சி மன்னார்புரத்தில், முன்னாள் சிப்பாய்களுக்கென்று நடந்துவந்த சின்னக் கண் மருத்துவமனை அது. ரோசம்மாள்தான் அங்கே டெக்னீஷியன். எழுத்து அட்டையைப் படிக்க வைத்துப் பார்வையை அளப்பாள், கண்ணாடிக்கு நம்பர் எடுப்பாள், சொட்டு மருந்து விடுவாள். மருந்து அலமாரியின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். மருந்து விடும்போதெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவாள்: "மூக்கோரத்தை அழுத்திப் பிடிங்க, தொண்டைக்கு இறங்கக் கூடாது. ஊமத்தங்காய்ல இருக்கிற விஷம்தான் இதுலயும் இருக்கு. மருந்து பட்ட கையால கண்ணைக் கசக்காதீங்க." எட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, சிப்பாய்கள் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கவாத்து உத்தரவு போல அதை ஒப்பித்துக் கேலி செய்வார்கள்.

டாக்டர் ரெங்கநாதன் ஸ்ரீரங்கத்துக்காரர். பதறாத மனிதர். நாடியைப் பார்த்தவர் கையைக் கீழே விட்டார்.

"பெருமாளே. எந்த சீசாவிலேர்ந்து விட்டே, ரோசம்மா?"

"சின்ன சீசா டாக்டர். எப்பவும் விடறது."

"பெரிய சீசாவும் பக்கத்துலதானே இருக்கு? அது பத்து மடங்கு காரம்."

"ஆமா டாக்டர்."

"முகம் சிவந்திருக்கு, நாக்கு வறண்டிருக்கு, கண் விரிஞ்சிருக்கு. இது இந்த மருந்தோட விஷம்தாம்மா. நான் போலீசுக்குச் சொல்லாம இருக்க முடியாது."

அவள் அலமாரியைத் திறந்து பார்த்தாள். இரண்டும் பழுப்பு சீசா. இரண்டிலும் அவள் கையெழுத்தில் ஒட்டிய சீட்டு. காலையில் எதை எடுத்தாள்? எத்தனை யோசித்தும் நீட்டிய கை மட்டும்தான் நினைவுக்கு வந்தது, சீசா வரவில்லை. ஒரு மனிதரைக் கொன்றது தன் கைதானோ என்ற பயம் அப்போது அவளைப் பிடித்தது.

பகல் மணி 12.30.

இன்ஸ்பெக்டர் மாத்ருபூதம் அதட்டுகிறவர் அல்ல. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வீரமலை எத்தனை மணிக்கு வந்தார்?"

"ஒன்பதுக்குங்க."

"எப்படி இருந்தார்?"

"வாசல்ல வரும்போதே வெளிச்சம் கூசுதுன்னு நெத்தியில கையை வச்சுக்கிட்டு வந்தார். தாகம்னார். கூட வந்த பிச்சை அண்ணன்தான் பானையிலேர்ந்து மூணு தம்ளர் தண்ணி மொண்டு கொடுத்தார்."

"வேற?"

"டாக்டர்கிட்ட தனியா ஒரு விஷயம் சொல்லணும்னார். பத்து வருஷமா நெஞ்சை அரிக்குதாம்."

"என்னன்னு சொன்னாரா?"

"இல்லீங்க. எழுத்து படிக்க வச்சு, கார்டுல எழுதிக்கிட்டேன். ஒன்பது இருபத்தஞ்சுக்கு மருந்து விட்டேன்."

"எந்த சீசா?"

அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, தெரிஞ்சு செஞ்சீங்கன்னு நான் சொல்லலை. கை தவறியிருக்குமா?"

"தெரியலைங்க."

அந்த ஒரு வார்த்தை தன்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும். பொய் சொல்லத்தான் வரவில்லை.

"மூணு மணிக்கு ஜீப் வரும். வீட்டுக்கு யார்கிட்டயாவது சொல்லி அனுப்பணும்னா அனுப்புங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அடுத்து பிச்சையை விசாரித்தார். அரியமங்கலத்துக்காரர், முப்பத்தைந்து வயசு, வீரமலையோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர். பர்மாவில் குண்டு வெடித்ததில் இடது கண்ணில் துளிப் பார்வை இல்லை என்று சர்க்கார் காகிதமே உண்டு. அதனால்தான் பென்ஷனும், ஒரு சர்க்கார் கிட்டங்கியில் காவல்காரர் வேலையும் கிடைத்தன. கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தோளில் பட்டாளத்துத் தண்ணீர்ப் புட்டி. இந்த இரண்டும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"நேத்து ராத்திரி ஸ்ரீரங்கத்துல அவன் ரூம்லதாங்க தங்கினேன். காலையில ரெண்டு பேரும் பஸ்ஸில வந்தோம்."

"வழியில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. வெறும் வயிறு. இங்க வந்துதான் அவன் தண்ணியே குடிச்சான்."

ஏட்டு பென்சிலால் பொடி எழுத்தில் எழுதி நீட்டினார். வராந்தாவில் வெளிச்சம் மட்டு. பிச்சை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, காகிதத்தை முகத்துக்கு அருகில் பிடித்துப் படித்தார்.

"ஐயா, இதுல எட்டரை மணின்னு இருக்கு. நான் ஒன்பதுன்னுதானே சொன்னேன்."

ஏட்டு அசடு வழியத் திருத்தினார். பிச்சை கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். எதிர்ப் பெஞ்சில் கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோசம்மாளின் பார்வையில் அவருடைய வலது கண் பட்டது. பாவை விரிந்து, கண்ணே கறுப்பாக இருந்தது. அன்று அந்த வராந்தாவில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் கண்களும் விரிந்துதான் இருந்தன. அதனால் அவளுக்கும் அது உறைக்கவில்லை.

பிற்பகல் மணி 1.50.

சாப்பாடு இறங்கவில்லை. வீரமலையின் கார்டை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். கான்ஸ்டபிள் எடுத்துக் கொடுத்தார். அவள் எழுத்துத்தான். மணி 9.10. தூரத்து அட்டை: கடைசி வரி வரை படித்தார். கிட்டத்து அட்டை: முதல் வரிகூட முடியவில்லை. அதற்கு மேலே போன மாதக் கணக்கு: கிட்டத்து அட்டை, கடைசி வரி வரை.

காலையில் இதை எழுதியபோது, கண்ணாடி போட வேண்டிய வயசு வந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள். இப்போது வயசைப் பார்த்தாள். முப்பத்து நான்கு. அந்த வயசில் ஒரே மாதத்தில் கிட்டப் பார்வை போகாது. மருந்து விட்டால்தான் அப்படிப் போகும். கண் கூசும், கிட்ட இருக்கும் எழுத்து கலங்கும், தூரத்து எழுத்து மட்டும் தெரியும். தினமும் அவள் பார்க்கிற கதை. ஆனால் இவருக்கு மருந்து விட்டது 9.25க்கு.

"கர்த்தரே" என்றாள், வாய்க்குள். தன் கை இல்லை. மார்பிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

இறங்கிய வேகத்தில் வேறு பயம் ஏறிக்கொண்டது. அவள் கொல்லவில்லையென்றால் யாரோ கொன்றிருக்கிறார்கள். பிச்சை பத்தடி தள்ளி உட்கார்ந்து பானைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் புட்டி தோளிலேயே தொங்கியது. காலையிலும் அப்படித்தான். கூட்டாளி தாகத்தில் தவிக்கிறான், தோளில் புட்டி இருக்கிறது, இந்த மனிதர் தம்ளரைத் தேடிப் பானைக்கு ஓடினார்.

மருந்து விட்டவர்களின் பெயரை எழுதும் நோட்டைப் புரட்டினாள். பக்கத்தைப் பார்த்ததும் வராந்தாவில் பட்ட அந்த வலது கண் நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

பிற்பகல் மணி 2.35.

டாக்டர் அறையில் ஐந்து பேர். ஜீப்பின் சத்தம் வாசலில் கேட்டுவிட்டது. ரோசம்மாள் கார்டை இன்ஸ்பெக்டரிடம் நீட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கணக்குப் பிசகவில்லை.

டாக்டர் கார்டை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "வாஸ்தவம். மருந்து விடறதுக்கு முன்னாடியே விஷம் உடம்புல ஏறியாச்சு. விடிகாலையில குடிச்சிருக்கணும். இது எனக்குத் தோணலையே."

"அண்ணே, கண்ணாடியைக் கழட்டுங்க" என்றாள் ரோசம்மாள்.

பிச்சை அசையவில்லை. இன்ஸ்பெக்டர் கையை நீட்டிக் கண்ணாடியை எடுத்தார். டாக்டர் டார்ச்சை அடித்தார். இடது பாவை சட்டென்று சுருங்கியது. வலது பாவை அப்படியே நின்றது.

"வலது கண்ணுல யார் மருந்து விட்டா?" என்று கேட்டாள் ரோசம்மாள்.

"நீங்கதான் சிஸ்டர்."

"இன்னிக்கு நோட்டுல உங்க பேர் இல்லை. நான் விட்டா ரெண்டு கண்ணுலயும் விடுவேன்."

"தூசி விழுந்துது. கசக்கினேன்."

"தூசிக்குக் கண்பாப்பா விரியாது. ஊமத்தையைத் தொட்ட கையால கசக்கினா விரியும்."

ஏட்டு குறுக்கிட்டார். "அவருக்குக் கண்ணு நல்லாத்தானேம்மா இருக்கு. என் பொடி எழுத்தையே படிச்சுத் தப்புக் கண்டுபிடிச்சாரே."

"அதைத்தாங்க நானும் கேக்கறேன்." அவள் பிச்சையை நேராகப் பார்த்தாள். பார்க்கவே பயமாக இருந்தது. "விரிஞ்ச கண்ணு, கிட்ட பிடிச்ச பென்சில் எழுத்தைப் படிக்காது. வலது கண்ணால நீங்க படிச்சிருக்க முடியாது. இடது கண்ணு பத்து வருஷமா தெரியாதுன்னு சர்க்கார் காகிதம் சொல்லுது. அப்ப எந்தக் கண்ணால படிச்சீங்க அண்ணே?"

பிச்சையின் கை தானாகத் தண்ணீர்ப் புட்டியைத் தேடிப் போனது. இன்ஸ்பெக்டரின் கை முந்திக்கொண்டது. மூடியைத் திருகினார். சுக்குக் காபி வாசனை குப்பென்று வந்தது. மூடியின் தக்கையில் விதைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"வெறும் வயிறுன்னியே?"

பிச்சை தலையைக் குனிந்தார். பேசியபோது குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

"குண்டு வெடிச்சப்ப எனக்கு ஒண்ணும் ஆகலை. கண்ணு போச்சுன்னு சொன்னேன். பார்த்தேன்னு வீரமலைதான் சாட்சி சொன்னான். இந்த வருஷம் அவனுக்கே கண்ணு மங்குற மாதிரி பயம் வந்துட்டுது. பொய் சாட்சி சொன்னதுக்குத் தண்டனைன்னு நெனச்சுட்டான். டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்னான். ராத்திரி பூரா கெஞ்சினேங்க. கேக்கலை. வேலை போகும், ஜெயில் வரும். விடியக்காலையில அம்மா மண்டபத்துக் காவேரிப் படிக்கட்டுல உக்காந்து, சுக்குக் காபின்னு கொடுத்தேன்."

"இங்க மருந்து விடற நாளாப் பார்த்துக் கொடுத்திருக்கே. ரெண்டும் ஒரே விஷம்னு உனக்கு யார் சொன்னா?"

பிச்சை நிமிர்ந்தார். ஒரு கண் விரிந்தும் ஒரு கண் சுருங்கியும் ரோசம்மாளைப் பார்த்தன.

"சிஸ்டர்தான். மாசா மாசம் சொல்லுவாங்களே."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தார். பிச்சையை ஏட்டிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அம்மா, நீங்க சொன்னதுல முதல் பாதியைத்தான் அவன் பிடிச்சுக்கிட்டான். கண்ணைக் கசக்காதேன்னு சொன்ன மிச்சத்தை மறந்துட்டான். மாட்டிக்கிட்டதும் அதாலதான். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். நல்ல மனிதர். ஆனால் அவள் அலட்டிக்கொள்ளாமல் இருக்கவில்லை.

மூன்று மணிக்கு ஜீப் கிளம்பியது. அவள் அதில் இல்லை.

அடுத்த செவ்வாய், காலை மணி 9.15.

முதல் ஆள் சின்னையா. வயசான லான்ஸ் நாயக், வாய் சும்மா இருக்காது. நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் திறந்துகொண்டு, வழக்கம்போல் பாட்டை ஆரம்பித்தார். "மூக்கோரத்தை அழுத்திப் பிடிங்க, தொண்டைக்கு இறங்கக் கூடாது. ஊமத்தங்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். இருட்டறையின் கறுப்புத் திரை காற்றில் லேசாக ஆடியது.

"மிச்சத்தை நீங்களே சொல்லுங்க, சிஸ்டர்" என்றார் சின்னையா மெதுவாக.

ரோசம்மாள் சீசாவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அதில் தன் கையால் ஒட்டிய சீட்டை எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தாள். ஒரு சொட்டு விட்டாள். சின்னையாவின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் பிடித்துத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், சோப்புப் போட்டுக் கழுவி விட்டாள். அன்று வந்த பதினேழு பேருக்கும் அப்படியே செய்தாள். அந்தப் பழைய பாட்டை மட்டும் பாடவில்லை.