இத்தா அறையும் காணாமற்போன பொயின்ட்ஸும்

திங்கட்கிழமை, ஜூலை 28. காலை 9.10.

நிஸ்மியா கடையின் இரும்புக் கதவைப் பாதிதான் தூக்கியிருந்தாள். அதற்குள் டோஹாவிலிருந்து நௌஷாட்டின் அழைப்பு.

"ராத்தா, பொயின்ட்ஸ் போயிட்டு."

"எவ்வளவு?"

"தொண்ணூத்தோராயிரத்து நூத்தியறுபது இருந்திச்சி. இப்ப ரெண்டாயிரத்து நானூத்தியறுபதுதான் கிடக்கு."

நிஸ்மியா கதவை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போனாள்.

காத்தான்குடிப் பிரதான வீதியில் டிக்கெட் கடை வைத்திருக்கும் இந்த நிஸ்மியாவுக்கு ஊரில் 'பொயின்ட்ஸ் ராத்தா', அதாவது பொயின்ட்ஸ் அக்கா, என்று ஒரு பட்டம் உண்டு. விமானக் கம்பனிகள் பயணிகளுக்குச் சேர்த்துக் கொடுக்கும் பொயின்ட்ஸை எந்த மாதம் எடுத்தால் இலாபம், எந்த மாதம் எடுத்தால் முட்டாள்தனம் என்று விரல்நுனியில் வைத்திருப்பாள். சேர்த்த பொயின்ட்ஸைக் கண்டபடி செலவழிப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முகத்துக்கு நேரேயே ஏசிவிடுவாள்.

மீராசாஹிப் குடும்பத்தின் பொயின்ட்ஸை ஒரே கணக்காக்கியதும் அவள்தான். வாப்பா மீராசாஹிப் கட்டாரில் இருந்த காலத்துப் பழைய பொயின்ட்ஸ், மகன் நௌஷாட் வேலைக்காகப் பறந்து பறந்து சேர்த்தது, மருமகள் நஸ்ஹாவுடையது எல்லாம் அதில் சேர்ந்தன. கணக்கின் தலைவர் மீராசாஹிப். டிக்கெட் எடுப்பதென்றால் இரகசிய இலக்கம் அவருடைய போனுக்குத்தான் வரும். மாதம் பிறந்தால் அந்தப் போனிலிருந்து நிஸ்மியாவுக்கு ஒரு வட்ஸ்அப் செய்தி வரும்: 'இண்டைக்கி 74,300. அஞ்சி பேருக்கு இன்னும் எவ்வளவு?' அவளும் அன்றே பதில் எழுதிவிடுவாள்.

ஐந்து பேர் என்றால் நௌஷாட், நஸ்ஹா, மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண்பிள்ளை டோஹாவிலேயே பிறந்தவள். மீராசாஹிப் அவளை ஒரு நாளாவது தூக்கியதில்லை.

ஜூலையில் ஓர் ஆசனத்துக்கு முப்பத்தாறாயிரம் பொயின்ட்ஸ். செப்டம்பரில் பதினெண்ணாயிரம். "செப்டம்பர் மட்டும் பொறுங்க. அஞ்சி பேரும் வரலாம். இப்ப தனியா வந்தீங்கெண்டா மத்த நாலு பேருக்கும் காணாது" என்று மே மாதம் நௌஷாட்டுக்குச் சொன்னவள் நிஸ்மியாதான். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

மீராசாஹிப்தான் பொறுக்கவில்லை. சீனி வருத்தம் இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய பார்வையைக் கொண்டுபோனது. பிறகு சிறுநீரகத்தைப் பிடித்தது. ஜூலை எட்டாம் திகதி விடிய, சுபஹுத் தொழுகை நேரத்தில் மௌத்தானார். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். வாப்பாவின் கபுறில் மண் விழுவதை நௌஷாட் போன் திரையில் பார்த்தான்.

"என்னத்துக்கு எடுத்திரிக்கி?" என்று நிஸ்மியா கேட்டாள்.

"ஒரேயொரு டிக்கெட். டோஹாவிலரிந்து கொழும்பு. போகாம, வாறதுக்கு மட்டும். போன வெள்ளிக்கிழம, ஊர் நேரம் பன்னெண்டு நாப்பத்தொண்டுக்குப் போட்டு, அண்டைக்கே பின்னேரம் பறந்திரிக்கி. ஆள்ட பேர் எனக்குக் காட்டுதில்ல."

"படம் எடுத்து அனுப்புங்க."

"ஆர் செஞ்ச எண்டு எனக்குத் தெரியும். அம்ஜத். எங்கட தங்கச்சிட மாப்பிள்ள, போன் கடைக்காரன். வாப்பாட போன்ல அந்தக் கணக்கப் போட்டுக் குடுத்ததே அவன்தான். இஞ்ச ஆருக்கோ வித்திட்டான். றுக்ஷானாக்கிட்ட காலையிலேயே சொல்லிட்டன்."

"அவசரப்பட்டுட்டீங்க, நௌஷாட்."

"எங்கட வாப்பாட பொயின்ட்ஸ், ராத்தா!" அவன் குரல் உடைந்தது.

காலை 10.05.

நிஸ்மியா போனபோது மீராசாஹிப்பின் வீட்டு வாசலில் ஒரு பயணப் பை இருந்தது. அம்ஜத் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றான். எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்தபடி றுக்ஷானா கதவை மறித்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

இந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். கள்ளன் என்ற பேரோடு பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய மாப்பிள்ளை, பிறகு அந்தப் படியை மிதிப்பது கடினம். அது அந்த மூன்று பேருக்கும் தெரியும். குழந்தைக்குத்தான் தெரியாது.

"அம்ஜத், ஒரு மணித்தியாலம் தாங்க. அதுக்குப் பிறகு போறதெண்டா போங்க" என்றாள் நிஸ்மியா.

அவன் கதிரையின் நுனியில் உட்கார்ந்தான்.

"வெள்ளிக்கிழம பன்னெண்டே முக்காலுக்கு எங்க?"

"ஜும்ஆத் தொழுகையில. பள்ளி நிறையச் சனம். ஆனா மச்சானுக்குச் சாட்சி தேவல்லியே."

"போன்?"

"கடையில, சார்ஜில."

"பேங்க் கார்ட் இரிக்கா?"

"மூணு இரிக்கி. ஏன்?"

நிஸ்மியா றுக்ஷானாவிடம் திரும்பினாள். "வாப்பாட போன் எங்க?"

"உம்மாட அறையில. தலகணிக்குப் பக்கத்துல வெச்சிரிக்கா. கேட்டாத் தரமாட்டா."

உம்மா ஸஹீதா இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பாள். அயல் ஆண்கள் முகம் பார்ப்பதில்லை. வாசற்படியில் போலீஸ் வந்து நின்றாலும் அந்த அறைக்குள் கால் வைக்கத் தயங்கும். இரகசிய இலக்கமோ அந்த அறைக்குள் இருந்த போனுக்கு வந்திருக்கிறது.

"அறைக்குள்ள ஆராரு போவாங்க?"

"ஆம்பிளையில இவர் மட்டும்தான். மருமகன்தானே. அதாலதான் நௌஷாட் காக்கா இவரச் சொல்றாரு."

"பொம்பிளைகள்? வெள்ளிக்கிழம?"

"காலையில பக்கத்து வீட்டு ரெண்டு பேர் வந்து போனாங்க. பிறகு கிரான் ஊர்லரிந்து புஸ்பமக்கா. வெள்ளிக்கு வெள்ளி தயிர் கொண்டு வாற மனிசி. பதினொண்டுக்கு வந்து ஜும்ஆ முடியிற வரைக்கும் உம்மாவோட இருந்தா. உம்மாட மடியில தல வெச்சி அப்பிடி அழுதா, ராத்தா. வாப்பாவில அவ்வளவு இரக்கம்."

"உம்மா போன் பாவிப்பாவா?"

றுக்ஷானாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வரப் பார்த்தது. "உம்மாவா? பச்சைப் பொத்தான அமத்தி ஹலோ எண்டுவா. அவ்வளவுதான் தெரியும்."

"காலையில நடந்த சண்ட உம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல. பின்னுக்கு நிண்டுதான் பேசினோம். இத்தாவில இரிக்கிறவக்கிட்ட என்னெண்டு சொல்ற?"

நிஸ்மியா நௌஷாட் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு டிக்கெட்டுக்கு எண்பத்தீராயிரத்து ஐந்நூறு. மலிவான ஆசனங்கள் முடிந்த பிறகு, எஞ்சியிருக்கும் கடைசி ஆசனத்துக்குக் கேட்கும் கொள்ளை விலை. அதற்குக் கீழே இன்னொரு வரி. விமான நிலைய வரிக்கு ஆறாயிரத்து இருநூறு. அதையும் பொயின்ட்ஸாகவே கழித்திருந்தது. பொயின்ட்ஸில் வரி கட்டுவதைப்போல நட்டம் வேறு கிடையாது. அதற்காகவே எத்தனையோ பேருக்கு அவள் ஏசியிருக்கிறாள்.

ஏசத்தான் வாயெடுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகு தன்னுடைய போனில் மீராசாஹிப்பின் பேரைத் தேடி எடுத்தாள். ஜூலை ஒன்றாம் திகதிச் செய்தி இருந்தது. ஜூன், மே, அதற்கு முந்திய வருடத்துச் செய்திகளும் இருந்தன. ஒவ்வொன்றாக மேலே தள்ளி வாசித்துக்கொண்டே போனாள்.

காலை 11.20.

நிஸ்மியா நௌஷாட்டுக்கு அழைப்பெடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனை முக்காலியில் வைத்தாள். அந்த முக்காலியை ஸஹீதாவின் அறைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"நௌஷாட், இது அம்ஜத் செய்யல்ல. அவரிட்ட மூணு கார்ட் இரிக்கி. வரிய கார்ட்ல கட்டியிருப்பாரு. இத எடுத்த ஆள்ட்ட ஒரு கார்டும் இல்ல."

"கார்ட்ல கட்டினா பேர் தெரிஞ்சிரும், ராத்தா. அதுக்குத்தான்."

"சரி. விக்கிற கள்ளன் பொறுத்திருந்து செப்டம்பர்ல அஞ்சி டிக்கெட் எடுத்து வித்திருப்பானே. அஞ்சி பேர்ட பொயின்ட்ஸ ஒரு ஆளுக்கு ஏன் கொட்டணும்? இலாபம் பாக்கிறவன் இப்பிடிச் செய்யமாட்டான். அண்டைக்கே வந்து சேரணும் எண்ட ஆளுக்குத்தான் இது எடுத்திரிக்கி. நாளைக்கி எண்டா பிந்திப் போகும்."

நிஸ்மியா போனை நோக்கிக் குனிந்தாள்.

"புஸ்பமக்கா உம்மாட மடியில அழுதாவாம். மௌத்து வீட்டுல அழுறவளை ஆர் ஏன் எண்டு கேப்பாங்க? எல்லாரும் வாப்பாவுக்காக அழுறா எண்டு நினைச்சிட்டீங்க. அவ தன்ட வீட்டுக் கவலைக்கு அழுதிரிக்கா."

"அப்ப அந்தக் கோட் நம்பர்? அறைக்குள்ள போய் எடுத்தது ஆர்?"

"ஆரும் போகல்ல. அறைக்குள்ள ஆர் போனது எண்டுதான் நாமெல்லாம் கேட்டோம். அறைய விட்டு வெளியில வராத ஆள மறந்திட்டோம்." நிஸ்மியா திரைச்சீலையைப் பார்த்தாள். "வாப்பாட போன்லரிந்து எனக்கு மாசாமாசம் செய்தி வரும். இந்த மாசம் ஒண்டாந் திகதியும் வந்திச்சி. எழுத்துப் பிழை இல்லாம. ரெண்டு வருஷமாக் கண் தெரியாத மனிசன் எப்பிடி எழுதினார்? நான் ஒரு நாளும் அத யோசிக்கல்ல. உங்கட உம்மாதான் எழுதினா, நௌஷாட். டிக்கெட்டையும் உம்மாதான் எடுத்தா."

றுக்ஷானா குழந்தையோடு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

திரைச்சீலை அசைந்து, வாசலில் இருந்த பை தெரியுமளவுக்கு விலகியது. ஸஹீதா வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ஓம். நான்தான். இதுக்கா காலையிலரிந்து குசுகுசுத்த நீங்க? மருமகன், உங்கள ஏசினாங்களா? எனக்குச் சத்தியமாத் தெரியா. பைய உள்ளுக்கு வைங்க, வாப்பா."

அம்ஜத் தலையைக் குனிந்துகொண்டான்.

"உம்மா," என்றான் நௌஷாட், "உங்களுக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும்?"

"தெரியாம என்ன? ரெண்டு வருஷம் ஒவ்வொரு நாளும் செஞ்சதுதானே. அஸர் தொழுதிட்டு வாப்பா கேப்பார், 'ஸஹீதா, பிள்ளையள்ட டிக்கெட்டப் பாரு' எண்டு. நான் செப்டம்பர் எண்டு போட்டு, அஞ்சி பேர்ட பேரையும் போட்டு, எத்தின மணிக்கு வந்து இறங்கும் எண்டு வாசிச்சிக் காட்டுவன். 'சின்னவளுக்கு ஜன்னல் பக்கமா?' எண்டு கேப்பார். ஓம் எண்டுவன். அவருக்கு அது காணும். பிறகு கடைசிப் பொத்தான அமத்தாம மூடி வெச்சிருவன். எங்களுக்குத்தான் செப்டம்பர் வரல்லியே."

றுக்ஷானாவின் மடியில் குழந்தை ஏதோ குழறியது. ஸஹீதா தொடர்ந்தாள்.

"புஸ்பத்திர மனிசன வயல் வட்டையில யானை அடிச்சிட்டு. வேளாண்மைக்குக் காவல் இருந்த மனிசன். ஆஸ்பத்திரியில ரெண்டு நாள்தான் எண்டு சொல்லிட்டாங்களாம். மகன் வினோஜன் டோஹாவில. லீவு குடுத்திட்டாங்க, டிக்கெட்டுக்கு வழியில்ல. அவன்ட பாஸ்போட் படம் தாய்ட போன்ல இருந்திச்சி. நான் எடுத்தன். கோட் நம்பரும் எனக்கிட்டத்தானே வந்திச்சி."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, உம்மா."

"சொல்லியிருப்பன். சொன்னா நீ என்ன சொல்லியிருப்பாய்? 'பொறுங்க உம்மா, நிஸ்மியா ராத்தாக்கிட்டக் கேப்பம்' எண்டிருப்பாய்."

நிஸ்மியாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. அவள் போட்ட கணக்கு பதினெண்ணாயிரத்துக்கும் முப்பத்தாறாயிரத்துக்கும் நடுவில் இருந்த கணக்கு. அந்த நடுவில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார். அதை அவள் சேர்க்கவில்லை. எழுந்து திரைச்சீலையை விலக்கி உள்ளே போய் ஸஹீதாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"மாமி, நான் அண்டைக்குத் தனியா வரச் சொல்லியிருந்தா…"

"நீ என்ன செய்வாய், புள்ள? எல்லாரும் ஒண்டா வரட்டும் எண்டு எனக்கும் ஆசை இருந்திச்சிதானே. ஒரு டிக்கெட்ட அண்டைக்கு நானே அமத்தியிருக்கலாம். ரெண்டு வருஷமா என்ட கையிலதான் இருந்திச்சி. நட்டம் எண்டு விட்டுட்டன்." ஸஹீதா வெள்ளை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மீராசாஹிப் மௌத்தான அன்றுகூட அவள் இப்படி அழவில்லை என்று றுக்ஷானா பிறகு சொன்னாள்.

வெளியே முக்காலியில் இருந்த போனில் நௌஷாட் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"அம்ஜத் மச்சான்," என்றான் கடைசியில், "மாப்புத் தாங்க."

அம்ஜத் வாசலுக்குப் போய்ப் பையை எடுத்துவந்து கட்டிலுக்கடியில் தள்ளினான். "உங்கட கவலையில சொன்னதுதானே, மச்சான்" என்றான் பிறகு. குரலில் இன்னும் காயம் இருந்தது.

"உம்மா, அந்தப் பொடியன் நேரத்துக்கு வந்து சேந்தானா?"

"ஓம் மகன். சனிக்கிழம பகல் பத்து மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான். தகப்பன் கண் முழிச்சிப் பாத்தாராம். கையப் புடிச்சாராம். நேத்துப் போயிட்டார். புஸ்பம் விடியக் கோல் எடுத்து அழுதா."

"முகத்தக் கண்டுட்டான்."

"கண்டுட்டான்."

நௌஷாட் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறான் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"உம்மா, நான் இண்டைக்கே வாறன். காசுக்கு எடுத்து, தனியா வாறன்."

ஸஹீதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலைச் சரிசெய்துகொண்டு, மகனுக்குச் சோறு போடக் கூப்பிடுகிற தொனியில் சொன்னாள்.

"இனி என்ன அவசரம், மகன்? பிள்ளையளையும் கூட்டிக்கிட்டு ஆறுதலா வா. வாப்பா இனி எங்கயும் போகமாட்டார்."