கடல் அணைந்த ஒத்திகை

"கடல் செத்துப்போச்சுக்கா!"

கதவைத் தட்டவும் மறந்து, சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு தையற்கடை மாடியிலிருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குள் சங்கீதா வந்து விழுந்தாள்.

உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நஸீஹா. காப்புறுதி நிறுவனமொன்றில் வெகுகாலம் எரிந்த கடைகளையும் நனைந்த கிடங்குகளையும் பார்த்து, எது விபத்து, எது வேஷம் என்று பிரித்துச் சொன்னவர்; இப்போது அதையே தனியாகச் செய்கிறார். சன்னலோரம் பாலகிருஷ்ணன். வாடகைக் கார் ஓட்டுகிறவர். நஸீஹாவுக்கு உதவியாளராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். ஒரு தீபாவளி நெரிசலில் சிராங்கூன் ரோட்டில் ஒரு பெண்ணை ஏற்றினாராம். கார் பக்கத்திலிருக்கும் ஃபேரர் பார்க் போய்ச் சேர்வதற்குள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தமே முடிந்துவிட்டதாம். வெற்றிலை பாக்கை டேஷ்போர்டில்தான் வைத்தார்களாம். மறுத்துச் சொல்ல அந்தப் பெண் இதுவரை வரவில்லை.

"எந்தக் கடல்மா? ஈஸ்ட் கோஸ்ட்டா, செந்தோசாவா?" பாலகிருஷ்ணன் எழுந்தேவிட்டார்.

"உட்காருங்க பாலா," என்றார் நஸீஹா. "நீ மெதுவா சொல்லு சங்கீதா."

சங்கீதா நாடக இயக்குநர். அவளுடைய புது நாடகம் அன்று மாலை அரங்கேற வேண்டும். கடைசிக் காட்சியில் கதாநாயகன் படகில் கிடந்து சாகிறான். அவனுக்குப் பின்னால், முதல் காட்சியிலிருந்தே ஓடுகிற கடல் சுவர் முழுக்க அலையடிக்கிறது. அந்தக் கடலைக் காட்டுவது, மேடைக்கு மேலே விளக்குகள் தொங்கும் இரும்புக் கம்பியில் மாட்டிய புரொஜெக்டர். முந்தாநாள் ஒத்திகையில் கடல் கடைசிவரை ஒழுங்காக ஓடியது. நேற்று கடைசி ஒத்திகை. கதாநாயகன் சாகச் சாக, விளக்குகள் மெல்லக் குறைந்தன. மேலே புரொஜெக்டர் வண்டு மாதிரி ரீங்கரித்தது. கடல் நடுங்கியது, அணைந்தது. பிறகு எழவே இல்லை.

"வாடகைக்குக் குடுத்தவங்க, 'நீங்க சரியா மாட்டலே, ஆடி ஆடிக் கெட்டுப்போச்சு'ங்கிறாங்க. இன்னொண்ணு லாரியில வருது. ஆனா காரணம் தெரியாம இறக்க மாட்டாங்களாம். மாட்டுனது ஸ்ரீநாத், டெக்னிஷியன். அவரோட கம்பெனி மேனேஜர் ஆறு மணிக்கு போன் பண்ணுவாரு. நான் 'அவர் தப்புதான்'னு சொன்னா வேலை பெர்மிட் கேன்சல், நேரா ஊருக்கு அனுப்பிடுவாங்க. 'இல்லே'ன்னு சொன்னா, அப்போ யாரு தப்புன்னு சொல்லணும்."

"சதி!" என்றார் பாலகிருஷ்ணன். கார் சாவி அதற்குள் அவர் கையில் இருந்தது. "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

சங்கீதா தயங்கினாள். "ஸ்ரீராம் அண்ணன்தான் ஹீரோ. 'நான் சாகிறப்ப ஜனங்க என்னைப் பாக்கலே, கடலைத்தான் பாக்குறாங்க'ன்னு ஒரு வாரமா சண்டை."

நடந்து போகிற தூரம்தான். பாலகிருஷ்ணன் காரில்தான் கூட்டிப்போனார். அதனால் கொஞ்சம் தாமதமானது.

அரங்கில் ஸ்ரீநாத் மேடை விளிம்பில் கைகளைக் கட்டி உட்கார்ந்திருந்தான். எதையும் தொடக் கூடாது என்று கம்பெனி நேற்றே உத்தரவு போட்டிருந்தது. ஸ்ரீராம் தங்கப் பொடி பூசிய முகத்தோடு உலாத்தினார். மேடைக்குப் பக்கவாட்டில், துணிமணிகள் தொங்கும் நீளமான சட்டத்துக்கு முன்னால், ஆடை அலங்காரம் பார்க்கும் நாகம்மா ஒரு வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளையார் படம். அதன்முன் மின்சார விளக்கு ஒன்று சுடர்விட்டது.

"ஏணியில ஏறிப் பாத்துச் சொல்லுங்க பாலா," என்றார் நஸீஹா.

பாலகிருஷ்ணனுக்கு வீரம் அதிகம், உயரம்தான் ஆகாது. நாகம்மா அவர் நெற்றியில் விபூதி இட்டுவிட்டார்.

"பயப்படாம ஏறுங்கண்ணே. முந்தாநாள் அந்தச் சாவுக் காட்சியில சாமி விளக்கு பட்டுனு அணைஞ்சுபோச்சு, அபசகுனம்னு நினைச்சேன். நேத்து அணையலே. இனிமே எல்லாம் நல்லதுதான் லா."

பாதி ஏணியிலேயே கடலுக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் தெரிகிறது என்றார் பாலகிருஷ்ணன். உச்சியில் கண்ணைத் திறந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். கம்பியைக் கவ்விய கொக்கிகள் இரண்டும் இறுக்கமாக இருந்தன. கொக்கி நழுவினாலும் பெட்டி யார் தலையிலும் விழாதபடி தனியாக ஓர் இரும்பு வயர் கம்பியைச் சுற்றிப் போயிருந்தது. காற்று போகும் துளைகளில் தூசி இல்லை. அசைத்துப் பார்த்தார், அவர்தான் ஆடினார், பெட்டி ஆடவில்லை.

திடீரென்று மேலிருந்து ஒரு கூச்சல். "பிடிச்சுட்டேன்! கம்பியில தங்கப் பொடி!"

எல்லார் கண்களும் ஸ்ரீராம் முகத்துக்குப் போயின. தங்கப் பொடிக்கு அடியில் முகம் வெளுத்தது.

"செல்ஃபி எடுக்க ஏறினேங்க. மேலேருந்து எடுத்தா தொப்பை தெரியாது." கைப்பேசியை நீட்டினார்.

நஸீஹா படத்தைப் பார்த்தார். தொப்பை நிஜமாகவே தெரியவில்லை. "நேத்து ஒத்திகைக்கு முன்னாடி எடுத்தது. அப்புறம் நாடகம் முழுக்கக் கடல் ஒழுங்கா ஓடிச்சு, இல்லையா? இவர் எதையாவது தளர்த்தியிருந்தா முதல் காட்சியிலேயே படம் ஆடியிருக்கும். இவர் இல்லே, பாலா. இறங்குங்க."

பாலகிருஷ்ணனுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. இறங்கும்போது அதுவே அவரைத் தைரியசாலியாக்கியது.

"ஸ்ரீநாத், புரொஜெக்டருக்கு கரண்ட் எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார் நஸீஹா.

"அந்தத் துணிச் சட்டத்துக்குப் பின்னால ஒரு போர்டு இருக்கு மேடம். மேலேருந்து வர்ற வயர் எல்லாம் அதுலதான் சொருகணும். சாதா சாக்கெட் எல்லாம் டிம்மர்ல போகும். இங்க லைட்டைக் குறைச்சா அதுல வர்ற கரண்டும் குறையும். சிவப்பு வளையம் போட்டது ஒண்ணே ஒண்ணு, அதுல எப்பவும் முழு கரண்ட். நான் சிவப்புலதான் சொருகினேன். சத்தியமா."

"ஒத்திகைக்கு அப்புறம் பாத்தீங்களா?"

"எங்க மேடம் பாக்க விட்டாங்க?"

நஸீஹா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மற்ற எல்லாரும் பார்த்தார்கள். ஆறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் மேடைக்கு வாங்க. அந்தச் சாவுக் காட்சியை இன்னொரு தடவை நடத்துவோம். கடல் வேணாம், விளக்கு மட்டும் போதும். பாலா, எது மாறலேன்னு மட்டும் பாருங்க."

ஸ்ரீராம் படகில் கிடந்து செத்தார். கடல் இல்லாததால் மிகத் தாராளமாகச் செத்தார். விளக்குகள் மஞ்சளாகி, சிவப்பாகி, அவிந்தன. கன்னங்கரிய இருட்டு. அந்த இருட்டில் ஒன்றே ஒன்று, சற்றும் குறையாமல், நிமிர்ந்து எரிந்தது.

"பிள்ளையார்!" என்று அலறினார் பாலகிருஷ்ணன்.

வெளிச்சம் வந்ததும் நஸீஹா நிதானமாகப் பேசினார்.

"வண்டு மாதிரி சத்தம் வந்தது விளக்கு குறையுறப்பத்தான். கொக்கி தளர்ந்தா இப்படி நேரம் பாத்துத் தளராது. அதனால கெட்டது மாட்டுனதுல இல்லே, கரண்ட்ல. புரொஜெக்டர் நேத்து டிம்மர் சாக்கெட்ல இருந்திருக்கு. ஸ்ரீநாத் பொய் சொல்றாரா? சொல்லலாம். ஆனா முந்தாநாள் இதே காட்சி ஒத்திகை பாத்தீங்க, கடல் ஒழுங்கா இருந்துச்சு. அன்னிக்கு அணைஞ்சது வேற ஒண்ணு. அது நேத்து அணையலே. ஒண்ணு பிழைச்ச அன்னிக்குத்தான் இன்னொண்ணு செத்திருக்கு. இடம் மாத்திக்கிட்டாங்க."

இஸ்திரிப் பெட்டி மேசையில் இடித்தது. நாகம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடக் கடவுளே. நான்தான்மா."

இஸ்திரிப் பெட்டியை அணைத்து வைத்துவிட்டு அவரே சொன்னார்.

"நாடகம் நடக்குறப்ப சாமி விளக்கு அணையலாமா? முந்தாநாள் அந்த இருட்டுல பாத்தேன், மேல இருக்கிற பெட்டியில மட்டும் நீலமா ஒரு கண்ணு மினுக்கிச்சு. ஓ, அவனுக்கு வர்ற கரண்ட் நல்ல கரண்ட்னு நினைச்சேன். வயர்ல 'புரொஜெக்டர்'னு எழுதி மஞ்சள் டேப் ஒட்டியிருந்துச்சு. அதைப் புடுங்கி என் விளக்கு இருந்த ஓட்டையில போட்டுட்டு, விளக்கை அதுல போட்டேன். ரெண்டும் எரிஞ்சுச்சே! சும்மா எடுத்துக்கலையே, எடம்தான் மாத்தினேன்."

"துப்பு நல்லாத்தான் துலக்கியிருக்கீங்க," என்றார் நஸீஹா. கேலி இல்லை. "எது நிக்காத கரண்ட்னு இருட்டுல பாத்தே கண்டுபிடிச்சுட்டீங்க. சிவப்பு வளையம் ஏன்னு மட்டும் யாரும் உங்களுக்குச் சொல்லலே."

சட்டத்தை நகர்த்தினார்கள். மஞ்சள் டேப் ஒட்டிய வயர் சாதா சாக்கெட்டில் இருந்தது. சிவப்பு வளையத்தில் பிள்ளையார் சௌகரியமாக வீற்றிருந்தார்.

"வயர்ல பேர் எழுதினீங்க, சாக்கெட்ல எழுதலே," என்று நஸீஹா ஸ்ரீநாத்திடம் சொன்னார். "யாரும் கழட்ட முடியாத மாதிரி அதைக் கட்டியிருக்கணும்."

"கட்டியிருக்கணும் மேடம்," என்றான் ஸ்ரீநாத்.

அப்போதுதான் சங்கீதாவின் கைப்பேசி அடித்தது. மேனேஜர். சங்கீதா கைப்பேசியைக் காதில் வைத்தாள். நாகம்மாவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஸ்ரீநாத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தச் சில நொடிகளில் பாலகிருஷ்ணன் தாமே பழியை ஏற்றுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். தாம் நேற்று இந்தப் பக்கமே வரவில்லை என்பதுதான் இடித்தது.

நாகம்மா வந்து கைப்பேசியைப் பிடுங்கினார்.

"தம்பி, நான் நாகம்மா பேசுறேன், துணி தைக்கிறவ. பிளக்கை மாத்துனது நானு. ஸ்ரீநாத் சரியாத்தான் மாட்டியிருக்கான். ஒரு பெரிய மனுஷன் மேல ஏறி ஆட்டிப் பாத்துட்டாரு. என்னது? தப்பு செஞ்சவங்களை ஊருக்கு அனுப்பித்தான் ஆகணுமா? சரி, என்னை அனுப்பு. எனக்கு ஊரு இதே சிங்கப்பூர்ல பூன் லே. டிக்கெட் போட வேணாம், பஸ் கார்டு கையிலேயே இருக்கு லா."

மறுமுனையில் ஏதோ கேட்டது. நாகம்மா கைப்பேசியை எதிரே நீட்டினார்.

"ஸ்ரீநாத், உன்கிட்டத்தான் பேசணுமாம். மேனேஜர் சிரிக்கிறாரு. புதுப் பெட்டியை எப்ப மாட்டுவேன்னு கேக்குறாரு."

"இப்பவே சார்!" என்றான் ஸ்ரீநாத். அடுத்த கணம் அவன் அங்கே இல்லை. லாரியில் இருந்த புரொஜெக்டர் இரண்டு ஆள் தூக்குகிற கனம். அதை அவன் ஒருவனாகவே தூக்கிக்கொண்டு வந்தான் என்றும், வாசலில் நின்ற கூட்டம் நாடகம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக் கைதட்டியது என்றும் பாலகிருஷ்ணன் சொல்கிறார்.