இடது பக்கத்து பெல்

எல்லாரும் சுற்றுகிற பக்கமாக வேடியப்பனும் மலையைச் சுற்றியிருந்தால் கஸ்தூரியை அவன் பார்த்திருக்கவே மாட்டான்.

திருவண்ணாமலையில் பிறந்தவன் எவனும் மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றுவான். வேடியப்பன் எதிர்ச்சுற்றுக்காரன். சாமி மேல் கோபம் எல்லாம் கிடையாது. எண்ணெய் மில்லில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வெளியே வருகிறவனுக்கு அந்தப் பக்கம் காற்று முகத்தில் அடிக்காது... அவ்வளவுதான் காரணம். மில் புண்ணாக்கு வாசனை சட்டையை விட்டுப் போகும்வரை மிதிப்பான். பிறகு போய்த் தூங்குவான்.

எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. குபேர லிங்கம் வளைவில் அவன் வேகமாக வந்தான். சும்மா வண்டி இல்லை அது. ரிட்டயரான தபால்காரர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய ஃப்ரேம், வேலூர் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய ஃபோர்க், அவனே கம்பி கோத்த சக்கரங்கள். டைனமோவில் ஒரு லைட்டுக்குப் பதில் இரண்டு லைட். ஊரில் வேறு எந்த சைக்கிளுக்கும் இரண்டு கண் கிடையாது. அந்தப் பெருமையில்தான் அன்றைக்கு மிதித்துக்கொண்டிருந்தான்.

எதிரே ஏதோ கறுப்பாக ஆடியது. ஒரு கத்தல். அப்புறம் பள்ளத்தில் ஒரு சைக்கிள் விழுந்து கிடந்தது. ரோடு முழுக்க மஞ்சள் சாமந்தி...

"யோவ்! அது இன்னா, சைக்கிளா லாரியா? ரெண்டு கண்ணு வச்சுக்கினு ஒண்ணுலகூட பாக்க மாட்டியா?"

பாவாடையை வாரிச் செருகிக்கொண்டு பள்ளத்திலிருந்து ஏறி வந்தாள் ஒரு பெண். ஓட்டி வந்தது பார் வைத்த ஆம்பளை வண்டி.

"பெல் அடிச்சேனே..."

"பெல்லா? உன் லைட்டப் பாத்ததுல எனக்குக் கண்ணே அவிஞ்சு போச்சு. எதிர்சுத்துல வேற வர்ற. அதான் சாமிக்கே பொறுக்கல, தள்ளி வுட்டுட்டாரு."

"தள்ளிவிட்டது உங்களைத்தானேங்க? நான் நின்னுக்கினுதானே இருக்கேன்..."

அவள் முறைத்தாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்படியும் வந்துவிட்டது.

அந்தக் கண்களை மீன் என்றும் மான் என்றும் சொல்ல வேடியப்பனுக்குத் தெரியாது. இருட்டோடு எழுந்து பூப்பறிக்கிற கண்கள் அவை. தூக்கம் குறைந்து, ஓரம் சிவந்து, மழைத் துளி இமையில் நிற்க... தினமும் கண்ணாடியில் அவன் பார்க்கிற கண்களும் அப்படித்தான் சிவந்திருக்கும். ஊர் தூங்குகிற நேரத்தில் விழித்திருக்கிற இன்னொரு ஜீவன். அவனுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

"நீங்க பெல் அடிச்சிருக்கலாமே?" என்றான்.

"எங்க எட்டுது? அது வலது பக்கம் கீது. நான் பீச்சாங்கைக்காரி."

இரண்டு பேரும் குனிந்து சாமந்தி பொறுக்கினார்கள். அவள் வண்டியின் முன்சக்கரம் எட்டு போல் வளைந்திருந்தது. அவன் வண்டி கேரியரில் பூக்கூடையைக் கட்டி, இரண்டு வண்டிகளையும் ஆளுக்கொன்றாகத் தள்ளிக்கொண்டு டவுனுக்கு நடந்தார்கள். அடி அண்ணாமலை சகாதேவனின் பெண், பெயர் கஸ்தூரி, கூடை பெரிசாக இருப்பதால் லேடீஸ் சைக்கிள் தாங்காது... எல்லாம் அந்த நடையில் தெரிந்தது. அவன் பி.யூ.சி.யைப் பாதியில் விட்டவன் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

செங்கம் ரோட்டில் இருசப்பனின் கொட்டகை இருந்தது. இருசப்பன் லாரி மெக்கானிக், வேடியப்பனின் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமையானால் ஊரின் சைக்கிள் பைத்தியங்கள் அங்கேதான் கூடும். ஒருத்தன் மட்கார்டில் ரப்பர் பூ ஒட்டுவான். ஒருத்தன் ஹேண்டில்பாருக்குக் கலர் வயர் பின்னுவான். டீக்கடை ரேடியோவில் சிலோன் பாட்டு வரும். ஸ்பேனர்கள் பாட்டுக்குத் தாளம் போடும். இன்றைக்கும் எங்காவது கிரீஸ் வாசனை வந்தால் அந்தக் கூட்டத்தில் ஒருத்தனாவது நின்றுவிட்டுத்தான் போவான்.

அந்தக் கூட்டத்தில் வேடியப்பனுக்கு மட்டும் ஒரு கிறுக்கு உண்டு. வண்டியை ஆளின் உடம்புக்கு அளந்துதான் கட்டுவான். முழங்கையை சீட்டின் மூக்கில் வைத்து நீட்டினால் விரல் நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும். அந்த அளவுக்கு மேல் ஒரு இழை கம்பி கூடாது. சீட் கம்பியைக்கூட அறுத்துவிடுவான். அப்புறம் யார் நினைத்தாலும் ஏற்ற முடியாது. அளவுக்கு உரியவர் உட்காருமுன் வேறு யாரும் அந்த வண்டியில் ஏறக்கூடாது. கட்டியவனும்தான்.

அங்கே நிமிர்த்த விட்டிருந்த வண்டியைத் திரும்ப எடுக்கக் கஸ்தூரி வந்தபோது அவளையும் முழங்கையை வைக்கச் சொன்னான்.

"இது இன்னாங்க, ரவிக்கைக்கா அளவு எடுக்கறீங்க?"

இருசப்பன் சிரித்தான். வேடியப்பனுக்குக் காது சிவந்தது. சீட்டில் ஊன்றிய முழங்கை, நீண்ட விரல்கள், நகத்தில் கனகாம்பரச் சாயம்... ஒரு தரம்தான் பார்த்தான். நூலோ அளவுகோலோ எடுக்கவில்லை. சீட்டை இறக்கினான். பெல்லை இடது பக்கம் மாற்றினான். கூடை ஆடாமல் இருக்கக் கேரியரில் இரண்டு கொக்கி வைத்தான்.

ஏறி ஒரு வட்டம் போய்வந்தவள் இறங்க மனசில்லாமல் ஒரு காலை ஊன்றி நின்றாள். "எங்கப்பா வண்டி மாதிரியே இல்ல... என் வண்டி மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு தினமும் விடியலில் குபேர லிங்கம் வளைவில் டிரிங் டிரிங் என்று இடது கை பெல் கேட்கும். அவன் ஒரு லைட்டை அணைத்துவிடுவான். "எதிர்சுத்து!" என்பாள் அவள். "கண்ணு தெரியாத அம்மா!" என்பான் இவன். ஒரு சாமந்தியை எறிந்துவிட்டுப் போவாள். அது அன்றைக்கு ராத்திரி அவன் சட்டைப் பையில் மில்வரைக்கும் போய், எண்ணெய்ச் சூட்டில் வதங்கித் திரும்பும். இவ்வளவுதான். இதற்குப் பெயர் வைக்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

தை பிறந்ததும் சகாதேவன் கொட்டகைக்கு வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, எம் பொண்ணு வண்டிய ஜோரா பண்ணிக் குடுத்த. இப்ப ஒரு பெரிய வேலை. கஸ்தூரிக்குக் கீழ்பென்னாத்தூர்ல மாப்பிள்ளை பாத்துக்கீறோம். கோதண்டராமன்னு, சொசைட்டில கிளார்க். சீருக்கு சைக்கிள் கேக்கறாங்க. கடை வண்டி வேணாம்னுட்டேன். நீதான் கட்டணும்."

கையிலிருந்த ஸ்பேனரை வேடியப்பன் கீழே வைத்தான். படிப்பை விட்டவன், பகலில் தூங்குகிறவன், புண்ணாக்கு வாசனைக்காரன்... பெண் கேட்டால் இந்த மனுஷன் என்ன சொல்வார் என்று யோசித்தான். பதிலும் அவனே சொல்லிக்கொண்டான்.

"கட்டிடலாங்க," என்றான்.

சகாதேவன் மடியிலிருந்து ஒரு முடிச்சு நூலை எடுத்தார். மாப்பிள்ளையின் கை அளவு. இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுச் சுருட்டியிருந்தது. வேடியப்பன் அதை ஆணியில் மாட்டினான்.

மறுநாள் வளைவில் பெல் சத்தம் கேட்கவில்லை. கஸ்தூரி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள்.

"ஒத்துக்கிட்டீங்களாமே?"

"வண்டிதானேங்க..."

"ஆமா. வண்டிதான்." அவள் கண் ஓரம் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது. "நல்லா கட்டுங்க. உங்களுக்கு அது ஒண்ணுதான தெரியும்."

'நீ ஒரு வார்த்தை சொல்லேன்' என்று அவன் நினைத்தான். அதையேதான் அவளும் நினைத்தாள். இரண்டு பேருக்கும் ரோஷம். அன்றைக்குச் சாமந்தி விழவில்லை.

வேடியப்பன் வண்டி கட்டினான். ராத்திரி முழுக்க மில், பகல் முழுக்க கொட்டகை. தூக்கமே இல்லாத தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது. ஃப்ரேமைத் தேய்த்துக் கறுப்பு அடித்தான். தங்க நிறத்தில் கோடு இழுத்தான். சக்கரத்தைச் சுழல விட்டு, ஒரு முடி அளவு கோட்டமும் இல்லாமல் எடுத்தான். சீட் கம்பியை அறுத்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு அழகாக எதையும் செய்ததில்லை. செய்து முடித்ததைப் பார்க்கப் பிடிக்காமல் கோணி போட்டு மூடினான்.

"அளவு பாத்தியாடா?" என்றான் இருசப்பன்.

"பாத்தேன்."

பாத்தேன் என்றுதான் அவனும் நம்பினான்.

நிச்சயதார்த்தத்தன்று காலை வண்டியை அடி அண்ணாமலைக்குத் தள்ளிக்கொண்டே போனான். ஏறக்கூடாதே. வாசலில் பந்தல், தட்டுகள், பட்டுப் புடவைகள். கோணியை உருவியதும் எல்லாரும் "அடேங்கப்பா!" என்றார்கள். சகாதேவன் தானே செய்த மாதிரி மீசையைத் தடவினார். கோதண்டராமன் கண்ணியமான ஆள். நல்ல உயரம். வேட்டியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்தார்.

முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்தன.

"மாப்பிள்ளை முக்காலியில உக்காந்தாப்ல கீது!" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன். சிரிப்பு எழுந்தது.

"சீட்டை ஏத்துப்பா," என்றார் சகாதேவன்.

"ஏத்த முடியாதுங்க... கம்பிய அறுத்துட்டேன்."

பெல் அடிக்கலாம் என்று கோதண்டராமனின் வலது கட்டைவிரல் தேடியது. அங்கே பெல் இல்லை. திரும்பிக் கேரியரைப் பார்த்தார். "இந்தக் கொக்கி எதுக்குங்க? சொசைட்டில நான் ஃபைல்தான் எடுத்துக்கினு போவேன்..."

சிரிப்பு பலத்தது. வேடியப்பன் சிரிக்கவில்லை. தான் கட்டிய வண்டியை அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறவன்போல நின்றான். மாப்பிள்ளையின் நூல் ஆணியில் சுருள் பிரியாமல் தொங்குவது நினைவுக்கு வந்தது. அவன் அதைத் தொடவே இல்லை.

"நூல் குடுத்தேனேப்பா! யாருக்குக் கட்டின இதை?" என்றார் சகாதேவன்.

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. தலை நிறையப் பூவோடு கஸ்தூரி வாசலுக்கு வந்துவிட்டாள். யாரையும் பார்க்கவில்லை. கோதண்டராமன் இறங்கி ஒதுங்கிக்கொண்டார். அவள் முழங்கையை சீட்டின் மூக்கில் வைத்தாள். கையை நீட்டினாள்.

விரல் நுனி ஹேண்டில்பாரைத் தொட்டது. அவ்வளவு கச்சிதமாகத் தொட்டது.

அவள் வேடியப்பனைப் பார்த்தாள். கோபமும் அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் அந்தக் கண்ணில்...

கோதண்டராமன்தான் முதலில் பேசினார். "இது எனக்குக் கட்டினது இல்லீங்க." துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "நல்லவேளை, தட்டு மாத்தறதுக்கு முன்னாடி ஏறிப் பாத்தேன்."

அவர் தாய்மாமன் அவ்வளவு நல்லவர் இல்லை. தெருவுக்கே கேட்கும்படி பேசினார். வந்தவர்கள் வேன் ஏறிப் போனார்கள். சகாதேவன் சைக்கிளை ரோட்டுக்கு இழுத்து வந்து விட்டார்.

"எடுத்துக்கினு போயிடு. இந்தப் பக்கம் வராத."

வேடியப்பன் தள்ளிக்கொண்டு நடந்தான். தை மாதத்தில் பெய்யாத மழை அன்று பெய்தது. நல்ல மழை. புதுக் கறுப்பு பெயிண்டில் துளிகள் உருண்டன. குபேர லிங்கம் வளைவு வந்தபோது பின்னால் ஓடி வருகிற கொலுசுச் சத்தம் கேட்டது.

"ஏங்க! என் வண்டிய எங்க எடுத்துக்கினு போறீங்க?"

நின்றான். பட்டுப் பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"கஸ்தூரி... நான் வேணும்னு பண்ணல. கை பாட்டுக்கு..."

"கை செஞ்சது சரி. வாய் இன்னா செஞ்சுது இத்தினி நாளா?"

மழையில் நின்றுகொண்டு அவன் சொன்னான். அலங்காரமாக ஒன்றும் சொல்ல வரவில்லை. "எனக்குப் படிப்பு இல்ல. ராத்திரி வேலை. சட்டையெல்லாம் புண்ணாக்கு நாத்தம். ஆனா... யாருக்கு அளவு எடுத்தாலும் உன் கைதான் வருது. இனிமே வேற யாருக்கும் என்னால வண்டி கட்ட முடியாது போல."

அவள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். இமையில் நின்ற துளி மழையா என்று அவன் கேட்கவில்லை.

"எனக்கும் அந்த நாத்தம் பழகிப்போச்சு," என்றாள். "சாமந்தி எறியறப்ப இன்னான்னு நெனச்சீங்க? பூ ஜாஸ்தியாப் போச்சுன்னா?"

சகாதேவன் அந்த வருஷத்துப் பூ சீசன் முடியும்வரை பேசவில்லை. அப்புறம் ஒருநாள் சைக்கிளில் கோட்டம் என்று சொல்லிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கோட்டமே இல்லை. வேடியப்பன் சக்கரத்தைக் கழற்றி, துடைத்து, மாட்டிக் கொடுத்தான்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த மழையில், பட்டுப் பாவாடையை வாரிச் செருகிக்கொண்டு, அந்த வண்டியை முதல் ஆளாக ஏறி மிதித்தது கஸ்தூரிதான். வேடியப்பன் பக்கத்தில் நடந்தான். மலை அவர்களுக்கு வலப்பக்கம் இருந்தது.

"பாத்தீங்களா? இப்பதான் சரியான சுத்துல போறீங்க," என்றாள்.

இடது கையால் பெல் அடித்தாள். ரோட்டில் அவனைத் தவிர வேறு யாருமே இல்லை.