மிளகு தைத்த நாலு ஜன்னல்

மிளகு என்றதும் அடுப்படி டப்பாவைத் தேடாதீர்கள். அது ஒரு பெண்ணுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஆள் சின்னதுதான், காரம் ஜாஸ்தி. அவள் தம்பிக்கு உருண்டை என்று பெயர். ஏன் என்று அவன் கன்னத்தைப் பார்த்தாலே தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உருண்டை போட்ட சத்தத்தில் மாடிவீட்டு மாமா படியிறங்கியே வந்துவிட்டார்.

"என்னம்மா, பையன் எங்கயாவது விழுந்துட்டானா?"

"இல்லண்ணா, அவனோட பூத்துணி கிழிஞ்சு போச்சு" என்றாள் அம்மா.

"அவ்வளவுதானா?" என்று மாமா திரும்பிப் போனார். அவருக்கு என்ன தெரியும், பாவம்!

பூத்துணி என்பது அம்மாவின் பழைய நைட்டியில் ஒரு துண்டு. அதன் மூலையைக் கட்டைவிரலால் உரசிக்கொண்டே இருந்தால்தான் உருண்டைக்குத் தூக்கம் வரும். துவைக்கிற மெஷினுக்கு இதெல்லாம் புரியுமா? போட்டுச் சுற்றிய சுற்றில் துணி நார்நாராகிவிட்டது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னைக்குன்னு பாத்தா இது கிழியணும்?"

மறுநாள் அம்மா புது வேலைக்குப் போகிறாள். உருண்டை முதல்முறையாகக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறான். அங்கே மதியம் எல்லாப் பிள்ளைகளும் தூங்க வேண்டும்.

"தூங்காம அழுதான்னா எனக்குத்தான் போன் வரும். முதல் நாளே எப்படி வேலைய விட்டுட்டு ஓடி வர்றது?"

"நீ கவலைப்படாதம்மா. நான் பாத்துக்கறேன்" என்றாள் மிளகு.

தெருமுனைத் தையற்கார அக்கா கடையில் அவள் ஒரு குஷனைப் பார்த்திருந்தாள். வெள்ளைத் துணியைச் சதுரமாக வெட்டி, நாலு மூலையையும் நடுவுக்குக் கொண்டுவந்து மடிப்பார்கள். மறுபடியும் நாலு மூலையும் நடுவுக்கு. அப்படி மடித்த சதுரங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தைத்தால், இரண்டுக்கும் நடுவே சாய்சதுரமாக ஒரு ஜன்னல் கிடைக்கும். அதில் வண்ணத்துணியை வைத்து, சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை அதன்மேல் மடக்கித் தைத்தால் முடிந்தது. பிசிறே வெளியே தெரியாது. கிழிந்த துணிக்கு இதைவிட நல்ல வீடு ஏது?

அப்பா ஒரு பழைய வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தேடி எடுத்துத் தந்தார். அங்கங்கே கறை. உருண்டையின் தலையணைக்கு ஓர் உறை தைப்பதாகத் திட்டம். கறையில்லாத இடமாகப் பார்த்து, தலையணையை அளந்து, அதை மூடும் அளவுக்கு மிளகு நாலு சதுரம் வெட்டினாள். அவள் மடிக்க மடிக்க அப்பா தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டார். நாலையும் சேர்த்துத் தைத்துத் தலையணைமேல் வைத்தாள்.

அப்பா பகபகவென்று சிரித்தார். "தலையணைக்குக் கைக்குட்டை போட்ட மாதிரி இருக்கே!"

மிளகின் உதடு துடித்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டார்.

"சரியாத்தானேப்பா அளந்தேன்?"

"அளந்ததெல்லாம் சரி கண்ணு. ரெண்டு தடவ மடிச்சியே, அந்தத் துணி எங்க போகும்? உள்ளதான் போய் உக்காந்துக்கும்."

மீதி விரிப்பு முழுக்கக் கறை. பின்பக்கத்துக்கு வேண்டுமானால் ஆகும். மிளகு தலையணையைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள்.

"சரி, உறையைப் பெருசாக்க முடியாது. தலையணையைச் சின்னதாக்கிடலாம்!"

"பலே!" என்றார் அப்பா. "காப்பகத்துக்கு எடுத்துட்டுப் போற பையிலயும் அடங்கும்."

பிறகு ஜன்னல் வேலை. நாராகிப்போன பூத்துணியில் நல்ல நல்ல பூவாகத் தேடி வெட்டினாள். வெளுத்து, துவைத்தும் எச்சில் கறை போகாமல் மொடமொடவென்று இருந்த ஒரு மூலையை, "உவ்வே" என்று குப்பைக்கூடையில் போட்டாள். ஊசி இரண்டு முறை குத்தியது. "ஆ" என்றாள், விரலைச் சப்பினாள், மறுபடி தைத்தாள். பின்பக்கத் துணியைச் சேர்ப்பதற்குமுன் தம்பியைக் கூப்பிட்டாள்.

"உருண்டை, இங்க பாரு! உன் பூத்துணி ஜன்னல் வழியா எட்டிப் பாக்குது."

உருண்டை உறையை வாங்கினான். அவன் விரல் ஒவ்வொரு ஜன்னலாகத் தடவிப் பார்த்தது. எல்லா ஓரமும் அழுத்தமாகத் தைத்திருந்தது.

"மூலை?"

"அது அழுக்குடா. இந்தப் பூவப் பாரு, எவ்ளோ அழகு!"

"மூலை!" ஒரே அலறல்.

அம்மா ஓடிவந்தாள். "விடு மிளகு. நீ எவ்வளவு கஷ்டப்பட்டுத் தெச்சிருக்க. அவனுக்குத்தான் அருமை தெரியல."

மிளகுக்கு மூக்குநுனிவரை கோபம் வந்தது. 'போடா' என்று சொல்ல வாயைத் திறந்தவள், அவன் கையைப் பார்த்தாள். அழுதுகொண்டிருக்கும்போதே கட்டைவிரல் ஒன்றுமில்லாத இடத்தை உரசிக்கொண்டிருந்தது.

திறந்த வாயை மூடிக்கொண்டு குப்பைக்கூடைக்கு ஓடினாள். நூல்துண்டுகளுக்கு அடியில் அந்த மூலை பத்திரமாகக் கிடந்தது. சோப்புப் போட்டு அலசினாள். இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினாள். பிறகு கத்தரியை எடுத்து, ஒரு ஜன்னலின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, அதுதானே நல்லா வந்திருந்துச்சு!" என்றார் அப்பா.

"ஜன்னல்னா திறக்கணும்ல, அப்பா?"

மூலைத்துணியின் ஒரு பக்கத்தை உள்ளே இறுக்கித் தைத்தாள். நுனியை மட்டும் சும்மா விட்டாள். அந்த ஜன்னலின் ஓர் ஓரத்தையும் தைக்காமல் விட்டாள்.

உருண்டை விசும்பிக்கொண்டே விரலை உள்ளே விட்டான். தேடினான். விசும்பல் நின்றது.

"இருக்கு" என்றான்.

மறுநாள் மாலை அம்மா வேலையிலிருந்து நேராகக் காப்பகத்துக்கு வந்தாள். மிளகு ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள். ஆயாம்மா உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ரொம்ப அழுதானா?" என்று அம்மா பயந்துகொண்டே கேட்டாள்.

"இவனா? அந்தக் குட்டித் தலையணைல விரல மாட்டிக்கிட்டு அசந்து தூங்கினான். பக்கத்துல படுத்த பொண்ணுதான் தூங்கவே இல்ல. 'எனக்கும் ஜன்னல் வேணும்'னு ஒரே அடம்!"

அம்மா சிரித்த சிரிப்பில் நேற்றிலிருந்து இருந்த கவலையெல்லாம் போய்விட்டது. மிளகு மட்டும் சிரிக்கவில்லை. யோசனையில் இருந்தாள்.

"ஆயாம்மா, அந்தப் பொண்ணு தலையணை எவ்ளோ பெருசு இருக்கும்?"

"எதுக்குமா?"

"இந்தத் தடவ மடிக்கறதுக்கும் சேத்து அளக்கணும்ல!"