படிக்கத் தெரியாது

ஊனாவுக்கு ஒரே குழப்பம். பள்ளிக்காக வரையும் குடும்ப மரத்தில் அப்பா, அம்மாவுக்குக் கீழே ஒரு கிளை போடுவதா, இரண்டு போடுவதா?

அவளுக்கு ஃபின்டன் என்று ஒரு தம்பி பிறந்தான். ஒரே ஒரு நாள்தான் இருந்தான். அதற்கும் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவன் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் அம்மா அழுதுவிடுவாளோ என்று ஊனாவுக்குப் பயம். ஆனால் அவனை நினைக்காத நாளே கிடையாது அவளுக்கு.

பெருமூச்சு விட்டபடி ஒரு கிளையோடு நிறுத்தினாள். பழைய ஆட்களைத் தேடக் கணினியைத் திறந்தாள். 1911 சென்சஸ் தாள் வந்தது. மேயோ மாவட்டம், இதே ஊர், இதே வீடு! வீட்டம்மா பெயர் டீலியா லாவெல். அம்மாவுக்குக் கொள்ளுப்பாட்டி.

"அம்மா, டீலியாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா, "அஞ்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பேரு சொல்லுவேன்" என்றாள்.

"இல்லையே! பிறந்தது ஆறு, இருக்கிறது அஞ்சுன்னு போட்டிருக்கே."

அம்மாவின் கை நின்றது. "ஆறா? யாருடி அந்த ஆறாவது?"

தாளில் பிள்ளைகளின் பெயர்கள் ஐந்துதான் இருந்தன. ஊனா யோசித்தாள். பத்து வருடம் முந்தைய தாளைத் தேடினாள். அதில் இருந்தான் அவன்.

'ஆஸ்டின், மகன், வயது இரண்டு. படிக்கத் தெரியாது.'

"ரெண்டு வயசுப் பையன்கிட்டப் போயி படிப்பியான்னு கேட்டாங்களா?"

"கேட்டுட்டாலும்! எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும்ல. தொட்டில்ல கிடக்கிறதுக்கும் அதேதான் எழுதுவாங்க." அம்மா சிரித்தாள்.

பிறகு மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, திரையில் அந்தப் பெயரை மெல்லத் தொட்டாள்.

"இவன் போன பிறகும் ஆறுன்னுதான் சொல்லியிருக்கா. அவளும் விடாம எண்ணிக்கிட்டே இருந்திருக்கா, பாவம்."

'அவளும்' என்றாளே அம்மா! அப்படியென்றால் அம்மாவும் இத்தனை நாளாக எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாளா?

ஊனா பென்சிலை எடுத்து இரண்டாவது கிளையை வரைந்தாள். அதன் நுனியில் எழுதி, தாளை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

'ஃபின்டன், மகன், வயது ஒரு நாள். படிக்கத் தெரியாது.'

அம்மா படித்தாள். மறுபடியும் படித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனால் அவள் சிரிக்கவும் செய்தாள்.

"ஃபின்டன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "இருந்திருந்தா இந்நேரம் உன் புத்தகத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டிருப்பான்டி."

"கிழிச்சா கிழிக்கட்டும்மா" என்றாள் ஊனா, அம்மாவைக் கட்டிக்கொண்டு. "நானே அவனுக்குப் படிக்கக் கத்துக் கொடுத்திருப்பேன்."